அக்கியின் தலையும் வாலும்

என் வயதை ஒட்டியவர்களுக்கு அக்கி என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விலாவில் ஒரு பக்கம் நெருப்புப் பட்டதுபோல எரியும். பிறகு கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பி, கச்சை கட்டியதுபோல இடுப்பைச் சுற்றி வளரும். அதற்குத் தலை உண்டு, வால் உண்டு என்பார்கள். தலை சுற்றி வந்து வாலைத் தொட்டுவிட்டால் ஆள் பிழைக்காது என்பார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள், நம்பியும் இருப்பீர்கள். நானும் நம்பினேன். ஒன்பது வயதில், ஒரு மழைக்காலத்தில், காலையில் எழுந்ததும் அம்மாவின் முதுகைப் பார்த்து, தலை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை.

அப்போது நாங்கள் மாத்தளைக்கும் உக்குவளைக்கும் இடையே ஒரு கொக்கோத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், இருந்தோம். மலைநாடு என்றாலே தேயிலை என்று எண்ணுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். எங்கள் பக்கத்தில் கொக்கோவும் ரப்பரும்தான் அதிகம். பழத்தை உடைத்துக் கொட்டைகளை மரப்பெட்டியில் போட்டு, வாழையிலையால் மூடிப் புளிக்க வைப்பார்கள். அந்தப் புளிப்பு வாடை எங்கள் துணியில், தலைமுடியில், சோற்றில் எல்லாம் இருக்கும். அம்மா ஸ்டோரில் காய்ந்த கொட்டை பொறுக்கினாள். அப்பா அதே ஸ்டோரில் மூட்டை தூக்கினார். இரண்டு பேருக்கும் மேலே பெரிய கங்காணி. தொரை எப்போதாவது குதிரையில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் கங்காணிதான் எங்களுக்குத் தொரை.

கங்காணிக்குச் சொந்தமாக ஒரு ஒற்றை மாட்டு வண்டி, எங்கள் பேச்சில் கரத்தை, இருந்தது. அந்த மாட்டுக்கு இடது கொம்பு பாதியில் ஒடிந்திருக்கும். ஒத்தக்கொம்பன் என்று அதைக் கூப்பிடுவோம். சாதுவான மாடு, பிள்ளைகள் கையில் புல் தின்னும்.

ஒரு நாள் விடியற்காலை. அம்மா ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு போய் வந்தாள். நான் பாயில் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இந்நேரத்துல கங்காணியோட கரத்தை எங்க போகுது? மேல தென்னங்கிடுகு போட்டு மூடியிருக்கு. ஒத்தக்கொம்பன் மூச்சு வாங்கிக்கிட்டு இழுக்குது, பாவம்."

"எங்கயாச்சும் போகுது. நீ தேத்தண்ணிய ஊத்து" என்றார் அப்பா.

இந்த இரண்டு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஸ்டோர் திறந்திருக்கவில்லை. எதுவும் களவு போனது என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

வெயில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, காய்ந்த கொக்கோ மூட்டைகள் காணாமல் போயிருந்தன. பூட்டு உடைபடவில்லை. சாவி காவல்கார மாமாவிடம் இருந்தது. அவர் எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் குடியிருந்தவர். பேச்சுக் குறைவு, இருமல் அதிகம். அவருக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. இன்னொரு சாவி கங்காணியிடம் இருப்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பொலிஸ் சார்ஜன் வந்து மாமாவின் கையைப் பிடித்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தில் இருந்து முன்னால் போய்விட்டாள்.

"அவரு எடுக்கலங்க. விடிய முன்ன கங்காணியோட கரத்தை மூடிக்கிட்டுப் போனத நான் பாத்தேன்."

என் அம்மா துணிச்சல்காரி இல்லை. கோபக்காரி, அவ்வளவுதான். கோபம் வந்தால் வார்த்தை முதலில் வரும், பயம் பிறகு வரும். அன்றைக்கும் அப்படியே. சார்ஜன் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

கங்காணி சத்தம் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்ததும், எல்லோர் முன்னாலும் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, எம் மாடு கால் வீங்கிக் கொட்டில்லயே கெடந்திச்சு. இருட்டுல நீ எதையோ பாத்திருப்ப. இல்ல, பாத்தது நெசந்தான்னா, இந்தா ஆத்தா முன்னுக்கு இருக்கா. கற்பூரத்த அணச்சு சத்தியம் பண்ணிட்டுப் போ. நான் கேட்டுக்கிட்டு இருந்துக்குறேன்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்வது பெரிய சத்தியம். பொய் என்றால் ஒரு மண்டலத்துக்குள் அம்மன் காட்டிக்கொடுப்பாள். அப்பா அம்மாவின் சேலையைப் பின்னால் இருந்து இழுத்தார். அவள் உதறிவிட்டுப் போனாள்.

"நான் பாத்தது சத்தியம்" என்று தட்டில் அடித்தாள். கற்பூரம் அணைந்தது. உள்ளங்கையில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது. அடுப்பில் சுட்டால் வருகிற அளவுதான்.

அன்றிலிருந்து தோட்டமே அவள் உடம்பைப் பார்க்கத் தொடங்கியது.

அதை எப்படிச் சொல்வது? பீலியில் அவள் போனால் பேச்சு நிற்கும். யாரும் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் அவளுடைய கைக்குப் போகும். "ஆறிருச்சா?" என்று கேட்பார்கள். அது நலம் விசாரிக்கிற கேள்வி இல்லை என்பது எனக்கே புரிந்தது. அப்பாவை ஸ்டோரில் இருந்து எடுத்து ஓடைக்கரையில் கல் உடைக்கப் போட்டார்கள். அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பகலில் ரோட்டில் எந்தக் கரத்தைச் சத்தம் கேட்டாலும் அரிசி களைகிற கை அப்படியே நின்றுவிடும். நான் எப்போது விழித்தாலும் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கைக் கொப்புளம் ஆறவே இல்லை. என் முழங்காலில் அவளுக்குப் பிறகு பட்ட காயம்கூடப் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிட்டது. அவள் கை மட்டும் ஈரமாகவே இருந்தது. வாய்க்குள் புண் வந்தது. சளி பிடித்துத் தடிமன் வந்தது, போகவில்லை. முஸ்லிம் நானா கடையில் மல்லி வாங்கி அவித்துக் குடித்தாள், அதற்கும் போகவில்லை. இதெல்லாம் உடம்புச் சூடு என்றார் அப்பா. ஊர் வேறு மாதிரிச் சொன்னது.

வழக்கு மாத்தளையில். முதல் தவணைக்கு அம்மாவும் அப்பாவும் விடிய எழுந்து நடந்து போனார்கள். கங்காணி கரத்தையில் போனார். ஒத்தக்கொம்பன்தான் இழுத்தது, கால் வீக்கம் எதுவும் இல்லாமல். நாள் முழுக்க வெளி வராந்தாவில் உட்கார்த்தி வைத்துவிட்டு, சாயந்தரம் வழக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிவைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்த அம்மா விலாவில் கை வைத்தபடி படுத்தாள். "உள்ளுக்குள்ள எரியுது. மேல ஒண்ணுமில்ல, உள்ளுக்குள்ள எரியுது" என்றாள். சில நாளில் வலது மார்புக்குக் கீழே கொப்புளம் கிளம்பியது.

"ஆத்தா காட்டிட்டா" என்று முதலில் சொன்னது யார் என்று தெரியாது. மறுநாள் லயம் முழுக்க அதுதான் பேச்சு.

அக்கிக்கு அந்தக் காலத்தில் மருந்து, எழுதுவதுதான். காவிக் கல்லை இழைத்து, பானை செய்கிற வம்சத்து ஆள் வந்து கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார். சிங்கத்தைக் கண்டால் அக்கி மேலே நகராது. உக்குவளை ஓட்டுச் சூளையில் வேலை செய்த ஒரு தாத்தாவை அப்பா கெஞ்சிக் கூட்டி வந்தார். அவர் சிரட்டையில் காவியை இழைத்து, கோழி இறகைத் தோய்த்து எடுத்த பிறகுதான் அம்மாவின் கையைப் பார்த்தார்.

"கற்பூரம் அணச்ச பொண்ணு இதுதானா?"

அவர் இறகைச் சிரட்டையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"சூட்டுல வந்த அக்கின்னா எழுதுவேன் தம்பி. ஆத்தா போட்டதுன்னா அதத் தடுக்க நான் யாரு? என் வீட்லயும் பிள்ளைங்க இருக்கு."

அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவருக்கும் பயம், அவ்வளவுதான். அன்றைக்கு எங்கள் எல்லோரையும் ஆண்டது அந்தப் பயம்தான்.

அவர் போனதும் அப்பா சிரட்டையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இறகை எடுத்து அவரே சிங்கம் வரைந்தார். மூட்டை தூக்கிய கை. சிங்கத்துக்குக் காது பெரிதாகப் போய்விட்டது, மீசை ஒரு பக்கம்தான் வந்தது. நான் எட்டிப் பார்த்து, "அப்பா, பூனை" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்க விலா வலித்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க" என்று அழுதாள். அந்த மழைக்காலத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதன் பிறகு காலையில் என் வேலை. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரவிக்கையைத் தூக்குவாள். முன்பக்கம் அவளே பார்த்துக்கொள்ளலாம். முதுகை நான்தான் பார்க்க வேண்டும்.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

முதலில் நாளுக்கு நாள் வளர்ந்தது. விலாவைத் தாண்டி, தோள்பட்டை எலும்புக்குக் கீழே வந்து, முதுகெலும்பை நோக்கி வந்தது. சொல்ல எனக்கு நாக்கு வராது, ஆனாலும் சொன்னேன். பிறகு ஒரு காலை முதுகெலும்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மறுநாளும் அங்கேயே. அதற்கடுத்த நாளும் அங்கேயே. எலும்புக்கு அந்தப் பக்கம் தோல் சுத்தமாக இருந்தது. கோடு போட்டு நிறுத்தினாற்போல நின்றிருந்தது. நான் விரலால் அந்த எலும்பின் மேல் தடவிக் காட்டினேன்.

"அங்கயே நிக்குதும்மா. இதத் தாண்டல."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல."

"ஒனக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ள" என்று ரவிக்கையை இறக்கிவிடுவாள். நான் அவளுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். அப்பாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அப்பா பார்த்துவிட்டு, "இன்னைக்கு நிக்குது, நாளைக்கு நகரும். இப்பவே போய் கங்காணிகிட்ட தெரியாதுன்னு சொல்லிரு" என்றார்.

"நான் பாத்தத ஒங்ககிட்டதானே வந்து சொன்னேன். அன்னைக்கே சொன்னேனே" என்றாள் அம்மா.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டு பீடியைப் பற்றவைத்தார்.

அவள் அவ்வளவு சுலபத்தில் விழவில்லை. அதையும் சொல்ல வேண்டும். இத்தனை கண்ணுக்கும் எரிச்சலுக்கும் நடுவில், அடுத்த தவணைக்குப் போவேன், பார்த்ததைச் சொல்வேன் என்றுதான் இருந்தாள். அவளைச் சாய்த்தது காவல்கார மாமாவின் மனைவி. தவணைக்கு முந்தின நாள் கைக்குழந்தையோடு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள். மடியில் கொஞ்சம் வேப்பிலை வைத்திருந்தாள்.

"அக்கா, நாளைக்கு நீங்க வர வேணாம்."

"என்னடி சொல்ற?"

"அவரு உள்ள இருந்தாலும் உசுரோட இருப்பாரு. என்னைக்காச்சும் வந்துருவாரு. ஒங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா ஒங்க பிள்ளைக்கு யாரு? அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம்க்கா."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "ஏன்டி, நான் பொய் சொன்னேன்னு நீயும் நெனைக்கிறியா?"

அவள் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. வேப்பிலையை வைத்துவிட்டு எழுந்து போனாள். யாருக்காக அம்மா எரிந்துகொண்டிருந்தாளோ, அவளே நம்பவில்லை. அன்று பகல் முழுக்க அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் போனாள். சம்மன் வந்திருந்ததால் போகாமல் இருக்க முடியாது. என்னைப் பார்த்துக்கொள்ள லயத்தில் யாரும் முன்வராததால் என்னையும் கூட்டிப் போனார்கள். ரவிக்கை உராயாமல் இருக்க விலாவில் வாழைக் குருத்து வைத்துக் கட்டியிருந்தாள். டவுன் வரைக்கும் ஒரு கையைத் தூக்கியபடியே நடந்தாள். பார்த்தவர்கள் கையில் அடிபட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நீதிமன்றத்தில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்ப்பக்கத்து வக்கீலான பிரக்கிராசி கத்தவில்லை, மிரட்டவில்லை. கறுப்புக் கோட்டைச் சரிசெய்தபடி சாதாரணமாகக் கேட்டார். மொழிபெயர்க்கிறவர் தமிழில் சொன்னார்.

"அந்த நேரம் வெளிச்சம் இருந்ததா?"

"கொஞ்சம் இருந்திச்சுங்க."

"கொம்பு ஒடிந்த மாடுதான் என்று நிச்சயமாகத் தெரியுமா?"

அம்மா எதிரே பார்த்தாள். கங்காணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, விலாவைப் பார்த்தார். அம்மா குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நான் கதவோரத்தில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இருட்டா இருந்திச்சுங்க" என்றாள். "எனக்கு நிச்சயமாத் தெரியல."

அவ்வளவுதான். இறங்கச் சொன்னார்கள். அவள் இறங்கும்போது காவல்கார மாமா கம்பிக்குப் பின்னால் இருந்து அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தங்கச்சி, ஒடம்பப் பாத்துக்க" என்றார்.

அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலேவெலப் பக்கம், வயல் வேலை செய்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா வெளியே வந்தாரா, அந்த இருமலோடு உள்ளேயே போய்விட்டாரா என்று எங்களுக்குச் சேதி வரவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

இனிதான் எனக்கு வயிறு எரிகிற இடம். வழக்கு முடிந்ததும் அம்மாவுக்கு அக்கி காய்ந்தது. கொப்புளம் சுருங்கி, பொருக்குத் தட்டி, உதிர்ந்தது. உள்ளங்கைப் புண்ணும் மூடியது. தடிமன் போனது. பகலிலேயே படுத்துத் தூங்கினாள். "பாத்தியா, பொய்ய விட்டதும் ஆத்தா அக்கியத் தூக்கிட்டா" என்றது லயம். கங்காணி தேங்காயும் வாழைப்பழமும் அனுப்பிப் பூசை போட்டார். அம்மா வேப்பிலையோடு கோயிலைச் சுற்றி வந்தாள். அப்பாவுக்குத் திரும்பவும் ஸ்டோர் வேலை கிடைத்தது. அக்கி வந்ததும் சாட்சி, போனதும் சாட்சி. எல்லாச் சாட்சியும் அவளுக்கு எதிராகவே சொன்னது.

கடைசியில் அவளும் நம்பிவிட்டாள். தான் பார்த்தது வேறு ஏதோ மாடு என்று நம்பினாள். நம்பாமல் எப்படி உயிர் வாழ்வது? ஆனால் அந்த விலா வலி மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை. தோல் ஆறிய இடத்தில் மழைக்காலம் வந்தால் எரியும். ஆத்தா இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை என்பாள். கோயிலில் கற்பூரத் தட்டு வந்தால் எல்லோரும் கையை நீட்டுவார்கள், அவள் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொள்வாள். நான் கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். சாகும்வரைக்கும் அப்படித்தான்.

அப்பா அவளுக்கு முன்பே போய்விட்டார். அன்று விடியற்காலை அவள் குடத்தை இறக்கிவைத்துச் சொன்னதை அவர் கேட்டார். களவு தெரிவதற்கு முன்பே கேட்டார். அதை அவர் சார்ஜனிடமோ, பிரக்கிராசியிடமோ, ஒரு தடவை அம்மாவிடமோகூடச் சொல்லவில்லை. "ஆமா, நீ அன்னைக்கே சொன்ன, நான் கேட்டேன்" என்று சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு அதுவே மருந்தாக இருந்திருக்கும்.

போன வருடம் எனக்கு அக்கி வந்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்தார். நான் கட்டில் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தேன். தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, டொக்டர் வாயைப் பார்த்தபடியே பொழுது போனது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு எனக்கு விலா எரிந்தது. உள்ளுக்குள் எரிந்தது. மேலே ஒன்றுமில்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

டொக்டர் சின்னப் பெண், சிங்களப் பிள்ளை. சிங்களத்தில்தான் பேசினோம். "சிறு வயதில் கொப்புளிப்பான் அம்மை வந்ததா, அம்மே?" என்று கேட்டாள். வந்தது என்றேன். அம்மாவுக்கும் வந்திருந்தது, இந்தியாவில் இருந்து வரும்போது மண்டபம் முகாமில். "அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புக்குள் படுத்திருக்கும். அதை எழும்பவிடாமல் உடம்புக்குள் காவல் இருக்கிறது. மனுசர் நீண்ட நாள் பயந்துகொண்டு, தூங்காமல் கிடந்தால் அந்தக் காவல் தளர்ந்துபோகும். அப்போது எழும்பும். புண் ஆறாது, தடிமன் போகாது, எல்லாம் அதனால்தான். உங்களுக்கு ஏதும் பெரிய மனக்கஷ்டமா?"

நான் வேறொன்று கேட்டேன். "டொக்டர், இது சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால்?"

அவள் சிரித்தாள். என் பின்னால் வந்து, முதுகெலும்பின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள்.

"சேராது அம்மே. இது ஒரு பக்கத்து நரம்பில் வருகிறது. இந்த எலும்போடு நின்றுவிடும். இதைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது."

அந்த விரல் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று அவள் பதறினாள். வலியில்லை என்று எப்படி அவளுக்கு விளங்க வைப்பது? அதே எலும்பில், அதே இடத்தில், ஒன்பது வயதில் என் விரல் இருந்தது. அங்கயே நிக்குதும்மா, இதத் தாண்டல என்று சொன்னது. யாரும் நம்பவில்லை.

அம்மா, நான் பார்த்தது சரி. நீ பார்த்ததும் சரி. அது ஒத்தக்கொம்பன்தான்.